மையிக்குக் கேட்ட பூ

சரவணன் வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. போர்வெல் போடுவதற்குப் பூ, பெண் பார்க்கப் போவதற்குப் பூ, பழைய தறியைத் தள்ளிவிட்டுப் புதுத் தறி இறக்குவதற்குப் பூ. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். எது வந்தால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கருப்பராயன் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிரித்துப் பார்த்த பிறகு மறுபேச்சு கிடையாது. சூலூர்ப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதனால், நாய் வளர்ப்பதற்கும் பூக் கேட்கலாம் என்று மகள் சொன்னபோது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதை நினைத்து அவன் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். அப்பா பாலுசாமி விட்டுப்போன எட்டுத் தறியைப் பதினாறு ஆக்கியவன் என்று ஒரம்பறை, சொந்தபந்தத்தில் சரவணனுக்கு நல்ல பெயர். மனைவி லோகப்பிரியா தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மகள் ரித்திகாவுக்குப் பத்து வயது, மகன் நிதீஷுக்கு ஆறு. இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆளுக்கொரு செல்போனோடு சோபாவில் கவிழ்ந்துவிடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் லோகப்பிரியாதான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஊட்ல நாயோ பூனையோ ஒண்ணு வளத்தலாமுங்க. சோறு வெக்கறது, வெளிய கூட்டிட்டுப் போறதுன்னு கொளந்தைகளுக்கும் பொறுப்பு வருமுங்க. எங்க ஸ்கூல் கவுன்சிலரும் அதயேதான் சொல்றாங்க."

நல்ல யோசனைதான். ஒரு வீட்டுக்கு எந்தப் பிராணி பொருந்தும் என்று தெரிந்துகொள்ள நாலு கேள்வி போதும். இடம் இருக்கிறதா, நம் வெயிலைத் தாங்குமா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், குழந்தைகளோடு ஒட்டுமா. படித்த வீடு, டீச்சர் வீடு, அந்த நாலு கேள்வியில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. லோகப்பிரியாவுக்கு மீன்தொட்டி போதும்; குரைக்காது, முடி கொட்டாது. நிதீஷுக்கு யூடியூபில் பார்த்த ஹஸ்கி வேண்டும், பனியில் வண்டி இழுக்குமே, அது. ரித்திகாவுக்கு மையி.

மையி தறிக்குடோன் வாசலில் கிடக்கும் நாட்டு நாய். வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றி மட்டும் மை தீட்டியதுபோல் கறுப்பு. பெயர் வைத்ததே ரித்திகாதான். மற்றபடி அது யாருடைய நாயும் இல்லை. தறி ஓட்டும் வேலன் தன் தூக்குப்போசியில் மிச்சம் வைக்கும் சோறும், ரித்திகா ஸ்கூல் டப்பாவில் மிச்சம் பிடித்துக்கொண்டு வரும் இட்லியும்தான் அதன் சாப்பாடு. பதினாறு தறி ஓடுகிற சத்தத்துக்குள்ளும் பள்ளி வேன் முக்குத் திரும்புவது அதற்குக் கேட்டுவிடும், எழுந்து ஓடும். நிதீஷ் வாலைப் பிடித்து இழுத்தால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். இந்தக் குழந்தைகளுக்கு ஏற்ற நாய் எது என்பதற்குப் பதில் அவர்கள் வாசலிலேயே படுத்துக் கிடந்தது.

இது சரவணனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தான். லோகப்பிரியாவின் அண்ணன் பாலகோபால் வடவள்ளியில் வீடு கட்டி, ஒரு கோல்டன் ரெட்ரீவர் வளர்க்கிறான். போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தபோது சொந்தம் முழுக்க அந்த நாயோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. "உங்கூட்ல என்ன மாப்ள, இன்னும் அந்தத் தறிக்குடோன் நாய்தானா?" என்று பாலகோபால் எல்லார் முன்னாலும் சிரித்தான். சும்மா கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் சரவணனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. வேலன் சோறு போட்டு வளர்ந்த நாயை வீட்டுக்குள் ஏற்றுவதா என்ற நினைப்பும் அடியில் எங்கோ கிடந்தது. அதை அவன் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு வாரம் சண்டை நடந்தது. நிதீஷ் சாப்பிடாமல் அடம்பிடித்தான். ரித்திகா அடம்பிடிக்கிற ஜாதி இல்லை. யோசித்துப் பார்த்து, ஒருநாள் காலையில் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்கப்பா, நாம எதுக்குச் சண்டை போடோணும். கருப்பராயங்கிட்டயே கேட்டுப்போடலாமுங்க. நானே எடுக்கறேன்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் புதுத் தறிக்குப் பூக் கேட்டபோது எடுத்தது அவள்தான். நல்ல பூ வந்தது, தறியும் நன்றாக ஓடியது. அம்மணிக்குக் கைராசி என்று பெரியவர்கள் ஆளாளுக்கு மெச்சினார்கள். அதற்கப்புறம் சொந்தத்தில் யார் வீட்டில் பூக் கேட்டாலும் ரித்திகாவைத்தான் கூட்டிப்போனார்கள். அவளும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஏதோ பரீட்சைக்குப் போவதுபோல் போவாள். அந்தக் கையைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

வெள்ளை வந்தால் மையி, சிவப்பு வந்தால் ஹஸ்கி என்று முடிவாயிற்று. மீன்தொட்டியை லோகப்பிரியாவே சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி ஐயாசாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கண்ணு ஆப்பரேசன் பண்ணி நாலு நாளுதானுங்க ஆச்சு. பூவ நீங்களே கட்டிக் குடுத்துப்போடுங்க" என்றார். சரவணன் இலைத்துண்டுகளையும் பூவையும் எடுத்துக்கொண்டு குதிரைச் சிலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

முதலில் ஒழுங்காகத்தான் கட்டினான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கட்டி முடித்துவிட்டு எட்டிப் பார்த்தான். ரித்திகா கையைக் கூப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மகள் மனசில் என்ன வேண்டுகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா. வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அப்போதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் பாலகோபால் வீட்டுக்குப் போக வேண்டும், மறுபடியும் அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூவை எடுத்து மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, அந்தப் பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டினான். அரை நிமிட வேலை. கல்யாணமா காட்சியா, நாய்தானே என்று மனசு சமாதானம் சொன்னது. இந்த மனசு என்கிற வக்கீல் எந்த வழக்கையும் எடுத்துக்கொள்ளும்.

ரித்திகா இடப்பக்கம் இருந்ததை எடுத்தாள். பிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நிதீஷ் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

"சரிங்கப்பா" என்றாள். "சாமி சொல்லிருச்சு."

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அடுத்த பொட்டலத்தைத் தொடப் போனாள். சரவணன் பாய்ந்து எடுத்துக்கொண்டான். "அதப் பிரிக்கக் கூடாது கண்ணு, சாமி குத்தமாயிரும்" என்றான். அப்படி ஒரு வழக்கமே அந்த ஊரில் கிடையாது. ஐயாசாமி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் பக்கம் திரும்பினார். சரவணன் பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்து விபூதி பூசிக்கொண்டான்.

அவன் செய்த தப்பை அவனே மறந்திருப்பான். மறக்க விடாதது ரித்திகாவின் நேர்மை. சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது, இனிமேல் மையியோடு சேரக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். டப்பாவில் இட்லி மிச்சம் வைப்பதை நிறுத்தினாள். மையிக்கு என்ன தெரியும். வேன் வந்ததும் வழக்கம்போல் ஓடிவந்து, அவள் வாசல் கேட்டைச் சாத்தியதும் வெளியே உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "வராத மையி. சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு. போயிரு" என்று கேட்டுக்கு உள்ளே நின்று ரித்திகா சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே அழுதாள். மூன்று நாள் இப்படி.

மூன்றாம் நாள் சரவணனால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியவில்லை என்றால் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இவனோ நாயைக் கண்ணில் படாமல் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தான். வேலனைக் கூப்பிட்டான்.

"வேலா, இந்த நாயக் கொண்டுபோய் உக்கடம் பக்கம் வுட்டுப்போட்டு வந்துரு. அங்க மீன் மார்க்கெட் இருக்குது, பொழச்சுக்கும்."

வேலன் பத்து வருஷமாக அங்கே தறி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். "பாப்பா தேடுமுங்களே" என்றான்.

"தேடாது. சாமியே சொல்லிருச்சு."

அதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை. மறுநாள் வேலன், "உக்கடத்துல வுட்டுட்டேனுங்க" என்றான். மையி எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்று சரவணன் குழந்தைகளிடம் சொன்னான். ரித்திகா தலையை ஆட்டினாள். நாம் போகச் சொன்னோம், அதனால் போய்விட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஹஸ்கிக் குட்டி பங்குனி முதல் வாரம் வந்தது. நிதீஷ் ஸ்னோ என்று பெயர் வைத்தான். நீலக் கண்ணும் பஞ்சு மாதிரி முடியுமாகப் பார்ப்பதற்கு அழகுதான், குறை சொல்ல முடியாது. பாலகோபால் குடும்பத்தோடு வந்து பார்த்து, "பரவால்ல மாப்ள, கலக்கீட்டீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். எதற்காக இவ்வளவும் செய்தானோ அது நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தறிச் சத்தம் கேட்டால் ஸ்னோ கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும். தறியோ காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் நிற்காது. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது. இது குளிர்ப் பிரதேசத்து நாய், ஏசியிலேயே வையுங்கள் என்றார் கால்நடை டாக்டர். ஏசி இருந்த படுக்கையறை நாய்க்குப் போயிற்று, வீட்டு மனிதர்கள் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக் கிடந்தார்கள். இரண்டே வாரத்தில் நிதீஷுக்கு அலுத்துவிட்டது. அது வண்டியும் இழுக்கவில்லை, பந்தும் எடுத்து வரவில்லை. லோகப்பிரியா முடியைக் கூட்டிக் கூட்டி ஓய்ந்துபோனாள்.

ரித்திகா மட்டும் பார்த்துக்கொண்டாள். சீப்பு எடுத்து முடி வாரினாள், தண்ணீரில் ஐஸ் போட்டு வைத்தாள், நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள். சாமி கொடுத்த நாய் அல்லவா. ஆனால் அதோடு அவள் ஒருநாளும் சிரித்து விளையாடி அவன் பார்க்கவில்லை. வேலைக்கு வந்த நர்ஸ் மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்துவிடுவாள். சரவணன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தறிக்குடோனுக்குப் போய்விடுவான்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை மாதாந்திர மின்தடை வந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை கரண்ட் இருக்காது. எந்த மாதம் எந்த நாள் என்று தறிக்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். தறி ஓடாத நாள்தானே என்றுதான் சரவணன் அன்றைக்கு அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினான். கிளம்பும்போது மணி எட்டு. ஸ்னோவை அறையில் விட்டு, ஏசியைப் போட்டு, குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவையும் அவனே தாழ்போட்டான். தறிக்குக் கரண்ட் இருக்காது என்பது அவனுக்கு நினைவிருந்தது. ஏசியும் அதே கம்பத்திலிருந்துதான் ஓடுகிறது என்பது நினைவில்லை.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தார்கள். ரித்திகாதான் முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நாய் கதவோரத்தில் செத்துக் கிடந்தது. கதவின் அடிப்பக்கம் முழுக்க நகத்தால் கீறியிருந்தது. நிதீஷ் அலறினான், லோகப்பிரியா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ரித்திகா அழவில்லை. பாவாடையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்படித் துடைத்ததற்கு அர்த்தம் ஒரு மாதம் கழித்துத்தான் சரவணனுக்குத் தெரிந்தது. ஆனியில் அவன் தங்கை நந்திதா மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தைகள் என்றால் ரித்திகாவுக்கு உயிர். அக்கம்பக்கத்துக் குழந்தையையெல்லாம் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறவள். அவள் இப்போது இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா அம்மணி, தம்பியத் தூக்கிக்க" என்றாள் நந்திதா.

"வேண்டாங்கத்தை."

"ஏஞ்சாமி, பயமா? உக்காந்துக்க, மடியில வெக்கறேன்."

"எங்கை ராசியில்லீங்கத்தை" என்றாள் ரித்திகா. "நான் எடுத்துத்தானே ஸ்னோ வந்துச்சு. வந்து செத்துப்போச்சு. மையியும் போயிருச்சு. பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்க."

பெண்கள் சிரித்தார்கள். கிழவி மாதிரிப் பேசறத பாரு என்றாள் லோகப்பிரியா. சரவணனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போய்க் கையைக் கழுவினான். யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது. விளக்கேற்றச் சொன்னால் நிதீஷை ஏற்றச் சொல்லுவாள். பள்ளியில் டீச்சர் பிறந்தநாளுக்குப் பூங்கொத்து கொடுக்கச் சொன்னபோது வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டாளாம், லோகப்பிரியா கூச்சம் என்று நினைத்துச் சொன்னாள். சாமியே அதன் வழியாகச் சொல்வதாக அவள் நம்பிய கை அது. அந்தக் கையை அவளே இப்போது யார் மேலும் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளித்துவைக்கப் பண்ணியவன் பெற்ற அப்பன்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான். சொன்னது பதினோரு நாள் கழித்து. பெரிய தைரியசாலி. ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய், மெயின் ரோட்டு பேக்கரியில் ஒரு தேங்காய் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தான். தனக்கு ஒரு டீ சொன்னான். டீ ஆறிப்போனது.

"கண்ணு, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் இருந்துச்சு."

ரித்திகா பன்னைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நாந்தான் அப்படிக் கட்டுனேன். எனக்கு அந்த ஹஸ்கி நாய் வேணும்னு தோணுச்சு. அதுனால வெள்ளய எடுத்துப்போட்டேன்."

"நான் எத எடுத்திருந்தாலும் செவப்புதானுங்களா?"

"ஆமா சாமி. உங்கையில ஒரு தப்பும் இல்ல. ஸ்னோவும் உன்னால சாகல. கரண்ட் இல்லாத நாள்ல கதவப் பூட்டுனவன் நான். எல்லாம் அப்பா பண்ணுனது."

அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். ரோட்டில் திருப்பூர் பஸ் ஒன்று போயிற்று.

"அப்பச் சாமி ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"இல்ல."

அழுவாள் என்று நினைத்திருந்தான். இரண்டு அடி அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் அதெல்லாம் செய்யவில்லை. "மையி எங்கீங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அதையும் சொன்னான். சொல்லிவிட்டு அங்கிருந்தபடியே வேலனுக்குப் போன் போட்டான். உக்கடத்தில் எந்த இடத்தில் விட்டாய், மார்க்கெட் பக்கமா, குளத்து மேட்டிலா என்று கேட்டான். "எங்கூட்டுக்கு வாரீங்களா" என்றான் வேலன்.

கலங்கல் ரோட்டில் உள்ளே தள்ளி வேலன் வீடு. பத்து வருஷத்தில் சரவணன் அங்கே போவது அதுதான் முதல் தடவை. வழி கேட்டுக் கேட்டுத்தான் போனான். வாசல் நிழலில் மையி படுத்திருந்தது, அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு வேலனின் நாலு வயது மகள் பொரி தின்றுகொண்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டு நாய் தலையைத் தூக்கியது. ரித்திகாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தது. உடம்பெல்லாம் ஆட, முனகிக்கொண்டே அவள் கையை நக்கியது. ரித்திகா முதலில் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக நீட்டினாள். நீட்டியபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஸ்னோ செத்தபோதுகூட அழாத மகள் அழுது சரவணன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உக்கடம் கொண்டு போலாம்னுதானுங்க கெளம்புனேன்" என்றான் வேலன். "பஸ்ஸுல ஏத்த மாட்டேனுட்டாங்க. ஊட்ல ஒரு நாள் வெச்சிருந்து வண்டி பாத்துக் கொண்டு போலாம்னு இருந்தனுங்க. எங்க பாப்பா புடிச்சுக்கிச்சு. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க."

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா. சரவணனுக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் கேட்டான். மகளுக்காக எதையாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி.

"வேலா, ரித்திகாவுக்காகத்தான் கேக்கறேன். இதக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

வேலன் மனைவியைப் பார்த்தான். செவ்வந்தி கதவருகில் நின்றிருந்தாள். "உங்க வாசல்ல கெடந்ததுதானுங்களே. கூட்டிட்டுப் போறதுன்னாப் போங்க" என்றாள். சொல்லும்போது அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குட்டிப் பெண்ணுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "ராணீ" என்று கூப்பிட்டாள். இந்த வீட்டில் அதற்கு அந்தப் பெயர். நாய் ரித்திகாவை விட்டுவிட்டு உடனே அந்தக் குரலுக்குத் திரும்பிப் போயிற்று.

"வேண்டாங்கப்பா" என்று ரித்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அது இப்ப இவங்க நாயிங்க. போலாமுங்க."

திரும்பி வரும்போது அவள் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்குச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சூலூர்க் குளத்தைத் தாண்டும்போது கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமுங்களா? பூ மாத்துனது?"

"தெரியாது கண்ணு. இன்னிக்குச் சொல்லிப்போடறேன்."

"சொல்லாதீங்கப்பா. அம்மா எல்லாத்துக்கும் பூக் கேட்டுட்டுத்தான் செய்யறாங்க. பாவம்."

பத்து வயதுப் பெண் அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டு அப்பனின் பொய்யை மறைத்துவைக்கிறாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தவன், அதில் பாதியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். வண்டியை ஓட்டிக்கொண்டே அவன் அழுதான். பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்திருக்காது.

அவளுக்குக் கையைப் பற்றிய பயம் போய்விட்டது. அடுத்த வாரம் நந்திதாவின் குழந்தையை அவளே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கேற்றச் சொன்னால் ஏற்றுகிறாள். பூக் கேட்கக் கூப்பிட்டால் மட்டும் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். லோகப்பிரியாவும் படிக்கிற பிள்ளை என்று விட்டுவிடுகிறாள். அப்பாவோடு அவளுக்குச் சண்டை எதுவும் இல்லை. முன்போலவே பேசுகிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.

"நாளைக்கு ஸ்கூல் லீவாம் கண்ணு" என்பான். "நெசமாத்தானுங்களா?" என்று கேட்பாள். பெரியம்மா வந்திருக்கிறாள் என்பான். "நெசமாத்தானுங்களா?" கோபமாகக் கேட்டால் கோபிக்கலாம், குத்தலாகக் கேட்டால் வலிக்கிறதென்று சொல்லலாம். அவள் அப்படியெல்லாம் கேட்பதில்லை. கடையில் மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்குவதுபோல் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அம்மாவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள்.

ஐந்து மணிக்கு டியூஷன் விட்டதும் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று தினமும் சொல்லித்தான் இறக்கிவிடுகிறான். அவளும் தினமும் கேட்கிறாள். சரவணன் தறியை அப்படியே வேலனிடம் ஒப்படைத்துவிட்டு நாலரை மணிக்கே போய் டியூஷன் வாசலில் நின்றுகொள்கிறான். மழை பெய்தாலும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். இதுவரை ஒருநாள்கூட அவன் பிந்தியதில்லை. மறுநாளும் அவள் கேட்கத்தான் செய்கிறாள்.